எரிமலை மாடல் செய்தாயிற்று, அடுத்து பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

தேன்சிட்டு (ஆக்லாந்து):

வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் இந்தப் பருவம் முழுக்க எரிமலைதான் பாடம். வீட்டிலிருந்து ஒரு மாடல் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். களிமண், சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். அது பெரிய வேலை இல்லை, ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

சிக்கல் வேறு இடத்தில். ஆக்லாந்து நகரமே ஒரு எரிமலைக் களத்தின் மேல்தான் இருக்கிறது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பொய் இல்லை, இங்கே மொத்தம் 53 எரிமலைகள். நாங்கள் மாலையில் நடக்கப் போகும் மவுண்ட் ஈடன் குன்றின் உச்சியில் புல் முளைத்துக் கிடக்கும் பெரிய பள்ளம் ஒரு எரிமலைவாய் என்பதே எனக்கு இங்கு வந்த பிறகுதான் தெரியும். இப்போது இவள் படுக்கும்போது "அம்மா, நம்ம வீட்டுக்கு அடியில வருமா?" என்று கேட்கிறாள். "வராது, தூங்கு" என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் தேடிப் பார்த்தால், அடுத்த வெடிப்பு இந்தக் களத்தில் எங்கே வேண்டுமானாலும் புதிதாகக் கிளம்பலாம் என்றுதான் போட்டிருக்கிறது.

ஊரில் நாங்கள் படித்தது செயல்படும், உறங்கும், தணிந்த என்று மூன்று வகை எரிமலை. எழுதினால் மதிப்பெண், அதோடு சரி. இங்கே அப்படி விட முடியாது போலிருக்கிறது. பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல் எப்படிப் பேசுவது? மாடலைத் தாண்டி அவளுக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேதிப்பித்தன்:

முதலில் அந்தச் சோடா வினிகரைப் பற்றி என் எரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன். எல்லா அறிவியல் கண்காட்சியிலும் இதே மலை, இதே சிவப்பு நுரை. அதில் நடப்பது ஒரு அமிலமும் ஒரு காரமும் சேர்ந்து கரியமில வாயு வருவது. எரிமலைக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை. அங்கே உருகிய பாறைக்குள் நீராவி, கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் அழுத்தத்தில் கரைந்து கிடக்கின்றன. பாறைக்குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயு குமிழியாகப் பிரிகிறது, அதுதான் குழம்பை வெளியே தள்ளுகிறது. இதைக் காட்ட ஒரு சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தாலே போதும். விலையும் குறைவு, அறிவியலும் சரி.

இன்னொன்று. ஒரு டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான கஞ்சி. இரண்டிலும் உறிஞ்சுகுழாய் விட்டு ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி சத்தமில்லாமல் வந்து போகும். கஞ்சியில் சிக்கி, உப்பி, முகத்தில் தெறிக்கும். சில எரிமலை சாதுவாக வழிவதும் சில வெடித்துச் சிதறுவதும் ஏன் என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மேசையைத் துடைக்கிற வேலை உங்களுடையது.

நடுநிலைவாதி:

//பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல்//

எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்குங்க இதெல்லாம்? நாமெல்லாம் எதுவும் தெரியாமல்தான் வளர்ந்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம். "பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லித் தூங்க வையுங்கள். வெள்ளைக்காரப் பள்ளிகளில் எதையெடுத்தாலும் பிள்ளைக்குப் பதற்றத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

புவிநோக்கி:

தேன்சிட்டு, "வீட்டுக்கு அடியில வருமா" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிறது, அது பயங்கரமானதும் இல்லை.

ஆக்லாந்து களத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒரே ஒரு முறை பொங்கி ஓய்ந்துவிடும் சிறிய எரிமலைகள். மவுண்ட் ஈடன் மறுபடி கிளம்பும் என்று எதிர்பார்ப்பதில்லை. அடுத்தது புதிய இடத்தில் வரும். இந்தக் களத்துக்கு வயது ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டு. கடைசியாகப் பொங்கியது கடலுக்குள் தெரிகிற ரங்கிடோட்டோ, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது ஒரு மனித ஆயுளில் இதைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வருவதாக இருந்தாலும் திருடன் மாதிரி வராது. குழம்பு ஆழத்திலிருந்து பாறையை உடைத்துக்கொண்டு மேலே வர வேண்டும், அப்போது சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் வரும். அதைக் கேட்பதற்காகவே ஜியோநெட் அமைப்பு கருவிகளைப் பதித்து வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் எரிமலை எச்சரிக்கை 0 முதல் 5 வரை. ஆக்லாந்துக்கு இப்போது என்ன எண் என்று அவளையே அந்தத் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தைத் தன் கண்ணால் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம் மொட்டுடாப்பு தீவு. ரங்கிடோட்டோவுக்குப் பக்கத்துத் தீவு அது. ரங்கிடோட்டோ பொங்கியபோது விழுந்த சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே பெரியவர்கள், குழந்தைகள், நாய்கள் நடந்த காலடித் தடங்கள் அப்படியே பதிந்து கிடைத்திருக்கின்றன. ஒரு சாம்பல் பொழிவு முடிந்து அடுத்தது விழுவதற்குள் மாவோரிக் குடும்பம் ஒன்று ஊருக்குத் திரும்பி வந்து நடந்திருக்கிறது. எட்டு வயதுக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. அதில் எரிமலையும் இருக்கிறது, தப்பிப் பிழைத்துத் திரும்பி வந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று திருத்த வேண்டும். மாடலில் வழிகிற சிவப்புக் குழம்புதான் ஆபத்து என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் லாவாவிடமிருந்து நடந்தே விலகிவிடலாம். ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் மற்றவைதான்: கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்து சரிவில் பாயும் மேகம், ஆற்று வழியே இறங்கும் சேற்று வெள்ளம், கூரை மேல் சேரும் சாம்பல், கடல் அலை. 1902இல் மார்த்தினிக் தீவின் செயின்ட் பியர் நகரில் ஏறத்தாழ 28,000 பேரைச் சில நிமிடங்களில் கொன்றது அந்த மேகம். நியூசிலாந்திலேயே 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ருவாபெஹு மலையின் பள்ளத்து ஏரி உடைத்துக்கொண்டு சேறாக இறங்கி, டாங்கிவாய் ரயில் பாலத்தைப் பெயர்த்தது. ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். அன்று மலை பொங்கவே இல்லை.

நடுநிலைவாதி:

காலடித் தடம் வரை சரி. அதற்குக் கீழே நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கே தூக்கம் வராது.

சாம்பல்மழை (ககோஷிமா):

வேலை நிமித்தம் ஜப்பானின் ககோஷிமாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஏறத்தாழ 6 லட்சம் பேர் வாழும் நகரம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், படகில் 15 நிமிடத் தூரத்தில் சகுராஜிமா எரிமலை. அது அடிக்கடி பொங்கும். எங்கள் வீட்டு பால்கனியில் துணி காயப்போடுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். வானிலைச் செய்தியிலேயே சாம்பல் எந்தத் திசைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார்கள். வாசலில் சேரும் சாம்பலை அள்ளிப்போட மாநகராட்சி மஞ்சள் பை கொடுக்கிறது. அதைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் எடுத்துப் போவார்கள்.

மலையின் அடிவாரத்திலேயே சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடக்கிறார்கள். வழியெல்லாம் கான்கிரீட் ஒதுங்கிடங்கள் இருக்கின்றன, கல் விழுந்தால் உள்ளே நுழைந்துகொள்ள. பார்க்க நமக்குத்தான் திகில். அந்தப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் என்பது நம் ஊரில் மழைக்காலத்தில் குடை எடுத்துப் போவது மாதிரி. பயம் இல்லை, பழக்கம்.

சொல்ல வந்தது வேறு. 1914 ஜனவரி 12 அன்று சகுராஜிமா பெரிதாக வெடித்தது. அதற்கு முந்தைய நாட்களில் அடுத்தடுத்து நிலநடுக்கம், கிணற்று நீரில் மாற்றம், கரையோரம் வெந்நீர் ஊற்று. பல கிராமத்தார் தாங்களாகவே படகேறிக் கிளம்பிவிட்டார்கள். ஒரு கிராமத்தின் தலைவர் மட்டும் நகரத்திலிருந்த வானிலை ஆய்வு நிலையத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சகுராஜிமா வெடிக்காது என்று பதில் வந்தது. அதை நம்பி மக்களை இருக்கச் சொன்னார். வெடித்தபோது மிஞ்சியவர்கள் ஜனவரிக் குளிரில் கடலில் குதித்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. அந்த வெடிப்பில் ஓடிய லாவா கடலை நிரப்பி, தீவாக இருந்த மலையை எதிர்க்கரையோடு ஒட்டிவிட்டது.

பத்து ஆண்டு கழித்து அந்தக் கிராமத்தில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். இருப்பது எங்கே தெரியுமா? கிழக்கு சகுராஜிமா தொடக்கப் பள்ளியின் வளாகத்தில். கோட்பாட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள், மாற்றம் தெரிந்தவுடன் கிளம்பத் தயாராகுங்கள் என்பது அதன் சாரம். இன்றும் ஆண்டுதோறும் ஊரே வெளியேறும் ஒத்திகை நடக்கிறது.

கல் தவிர இன்னொன்றும் உண்டு. குரோகாமி கிராமத்தில் கோயில் வாசலில் மூன்று மீட்டர் உயரத் தோரண வாயில் ஒன்று, சாம்பலிலும் நுரைக்கல்லிலும் புதைந்து, மேலே ஒரு மீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தோண்டி எடுக்க மக்கள் கிளம்பியபோது, பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அன்றைய கிராமத் தலைவர் தடுத்துவிட்டார். என் மகன் அதன் பக்கத்தில் நின்று தன் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தான். புத்தகத்தில் "பெருமளவு சாம்பல்" என்று படித்ததைவிட அது உடனே புரிந்தது.

நடுநிலைவாதி:

அப்போ பள்ளிக்கூடத்திலேயே "அறிவியலை நம்பாதே" என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்கிறீர்களா? இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வதந்தி போதாதா? பிள்ளைகள் பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அதுதான் பாதுகாப்பு. ஆளாளுக்கு முடிவெடுத்தால் நெரிசலில்தான் சாவார்கள்.

புவிநோக்கி:

நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. அந்தக் கல் ஜோசியத்தை நம்பச் சொல்லவில்லை. கண்ணெதிரே நிலம் ஆடுகிறது, வெந்நீர் வருகிறது, அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள் என்கிறது. 1914 கருவிகளை வைத்துச் சொன்ன பதில் அது. இப்போதும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒன்டாகே மலை வெடித்து 63 பேர் இறந்தும் காணாமலும் போனார்கள். அன்று காலை அதன் எச்சரிக்கை அளவு 1, அதாவது மிகக் குறைந்த நிலை.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் மலைக்கு ஆபத்து வரைபடம் முந்தின மாதமே தயாராக இருந்தது. ஆர்மெரோ நகரம் சேற்று வெள்ளத்தின் பாதையில் இருப்பதை அது காட்டியது. 1985 நவம்பர் 13 இரவு மலை பொங்கிப் பனி உருகி, சேறு ஊரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கத்திலேயே மேடு இருந்தது. மக்கள் வீட்டிலேயே அமைதியாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டார்கள். ஏறத்தாழ 23,000 பேர் போனார்கள். அங்கே விஞ்ஞானிகள் சொன்னதைப் பெரியவர்கள் கேட்கவில்லை. ஆக "பெரியவர் சொல் கேள்" என்பது மட்டும் போதாது, "கேட்காதே" என்பதும் போதாது.

நெய்தல் வாத்தியார் (நாகை மாவட்டம்):

கடலோர அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு எரிமலை ஒரு படம், அவ்வளவுதான். இந்தியாவில் செயல்படும் எரிமலை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தமானில் உள்ள பாரன் தீவு ஒன்றே. போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ., அங்கே ஆட்களே கிடையாது. ஆனாலும் பாடத்தைத் தாண்டிப் போக நான் விடுவதில்லை. இந்தோனேசியாவில் 2018 டிசம்பர் 22 அன்று அனக் கிரகடாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. நிலநடுக்கம் உணரப்படவில்லை, சைரன் இல்லை, இரவில் அலை வந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எரிமலைக்கும் எங்கள் தெருவுக்கும் இருக்கிற தொடர்பு அது. கரும்பலகையில் மலையை வரைந்தால் அலையையும் சேர்த்து வரைவேன்.

நடுநிலைவாதி சாருக்கு ஒன்று. நானே ஒரு ஆசிரியர், பிள்ளைகள் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புவேன். 2011 மார்ச் 11இல் ஜப்பானின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் நடந்ததைப் படித்த பிறகு அதை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. நிலநடுக்கம் முடிந்து ஏறத்தாழ 50 நிமிடம் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தில் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்னாலேயே குன்று. எங்கே போவது என்று ஆசிரியர்களுக்குள் முடிவாகவில்லை. 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் சுனாமியில் இறந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் பெற்றோருக்கு இழப்பீடு உறுதியானது.

அதே நாள் கமைஷி நகரில் வேறு மாதிரி நடந்தது. உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் நிலம் ஆடி ஓய்ந்ததும் ஓட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் இறங்கி ஓடினார்கள். முதலில் சேர வேண்டிய இடத்துக்குப் பின்னாலிருந்த சரிவு இடிவதைப் பார்த்து இன்னும் மேலே போனார்கள், வழியில் பாலர் பள்ளிக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டார்கள். அந்தப் பள்ளிகள் இரண்டும் அரசு வரைபடத்தில் ஆபத்து எல்லைக்கு வெளியே இருந்தவை. அலை இரண்டையும் மூழ்கடித்தது. கமைஷியில் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். பல ஆண்டுகளாகப் பேராசிரியர் கடாடா தொஷிடாகா அவர்களுக்கு மூன்று பாடம் நடத்தியிருந்தார்: முன்கணிப்பை அப்படியே நம்பாதே, அந்த நேரத்தில் முடிந்த அளவுக்குச் செய், முதல் ஆளாகக் கிளம்பு. நெரிசல் வரும் என்கிறீர்கள். முதல் ஆள் கிளம்பினால்தான் மற்றவர்களுக்கும் கிளம்பத் தோன்றுகிறது.

முல்லைக்கரை:

வாத்தியார், நீங்கள் எழுதியது எல்லாம் சரி. நான் முல்லைத்தீவுக் கரையில் 2004 பார்த்தவள். பிறகு கொஞ்சக் காலம் பிள்ளைகளோடு வேலை செய்தேன். அதனால் பயம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒத்திகை என்று சொல்லி முன்னறிவிப்பே இல்லாமல் சைரன் போட்டு, பிள்ளைகளை அலறியடித்து ஓட வைக்கிறார்களே, அது பாடம் இல்லை. சில பிள்ளைகள் அன்று முழுக்க நடுங்குவார்கள், சிலர் மறுநாள் பள்ளிக்கே வர மாட்டார்கள். முதலில் நடந்து பார்க்க வேண்டும். எந்த வழி, எந்த மேடு, எவ்வளவு நேரம், வழியில் யார் வீடு. இரண்டாம் முறை வேகமாக. மூன்றாம் முறை வழக்கமான பாதை அடைபட்டிருக்கிறது என்று சொல்லி, வேறு வழியைப் பிள்ளைகளே தேடட்டும். சைரன் எல்லாம் அதற்குப் பிறகு, அதுவும் சொல்லிவிட்டு. பிள்ளைக்குச் செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள்: தம்பியின் கையைப் பிடிப்பது, டோர்ச் எடுப்பது. வேலை இருக்கிற பிள்ளை குறைவாகப் பயப்படும். இது நான் கண்ணால் கண்டது.

அடுத்தது படம். அலை அடிக்கிற காணொளி, ஆட்கள் அள்ளுப்படுவது, அதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். "அவர்களுக்கு உறைக்க வேண்டும்" என்று சொல்லிப் போடுகிறார்கள். உறைக்காது, உறைந்துதான் போவார்கள்.

தேன்சிட்டு, மகள் இரவில் கேட்கிறாள் என்றீர்கள். அந்தப் பேச்சைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கேட்டால் சின்னப் பதில் ஒன்று சொல்லி, "நாளைக்குக் காலையில சேர்ந்து பார்ப்போம்" என்று முடித்து, மறக்காமல் காலையில் பாருங்கள்.

நெய்தல் வாத்தியார் (நாகை மாவட்டம்):

சகோதரி சொன்னதை ஏற்கிறேன். எங்கள் ஒத்திகையும் பல இடங்களில் அதிகாரி வந்து போட்டோ எடுக்கிற நிகழ்ச்சியாகத்தான் முடிகிறது.

சுனாமி பாடத்தில் எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2004இல் தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்தது. புக்கெட் கடற்கரையில் விடுமுறைக்கு வந்த பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்ததை வைத்துக் கண்டுபிடித்துச் சொல்லி ஒரு கரையையே காலிசெய்ய வைத்தாள். ஆனால் அந்த நிலநடுக்கம் நடந்த கடலடிப் பிளவுக்கு மேற்கே இருந்த நம் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது ஏறு அலை. அதற்குப் பிறகுதான் கடல் வெகுதூரம் பின்வாங்கியது. அதைப் பார்க்க, மீன் பொறுக்கப் போனவர்களை அடுத்த அலை எடுத்தது. உள்வாங்கும்வரை காத்திருக்கும் பிள்ளை முதல் அலையில் மாட்டும். அதனால் நான் சொல்வது: நிலம் ஆடினாலும், கடல் ஏறினாலும் இறங்கினாலும், புதிதாக ஒரு இரைச்சல் கேட்டாலும், மேட்டுக்குப் போ. ஒரு அலை போனதும் திரும்பி வராதே.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே தீவில் 1907இல் ஒரு பேரலை. அதைப் பாட்டிமார்கள் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004இல் நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேரில் 7 பேர்தான் இறந்தார்கள். சைரன் ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகளிடம் 2004 பற்றிக் கேட்டால் நினைவுத்தூணில் பூ வைப்பதைச் சொல்கிறார்கள். இப்போது என் வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

கேள்விக்குறி:

சும்மா ஒரு சந்தேகம். திருவண்ணாமலை ஒரு காலத்தில் எரிமலை என்கிறார்களே?

புவிநோக்கி:

இல்லை. அது எரிமலைக் கூம்பு அல்ல, பூமிக்குள் ஆழத்தில் உருவாகிப் பின்னர் வெளியே தெரியவந்த பழைய கடினப் பாறை. எரிமலைப் பாறையை நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்துக்குப் போங்கள், சுமார் 6.6 கோடி ஆண்டு முன்பு வழிந்த கருங்கல் அடுக்கடுக்காக இருக்கிறது. இதற்குத் தனி இழை திறக்கலாம்.

தேன்சிட்டு (ஆக்லாந்து):

எல்லோருக்கும் நன்றி. முல்லைக்கரை அக்கா சொன்னபடி பேச்சைக் காலைக்கு மாற்றினேன். ஜியோநெட் தளத்தில் பூஜ்யத்தைப் பார்த்தாள். "நாளைக்கு மாறினா?" என்று கேட்டாள், "மாறினால் பெட்டியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு ஹாமில்டன் போவோம்" என்றேன். எந்தப் பொம்மையை எடுப்பது என்பதுதான் இப்போதைய கவலை. காலடித் தடம் கதை நன்றாக வேலை செய்தது, நாய் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பள்ளியில் நிலநடுக்கத்துக்கு மேசைக்கடியில் குனிந்து, தலையை மூடி, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளும் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. கரையில் இருக்கும்போது ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நிற்க முடியாத அளவுக்கு இருந்தாலோ, அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போ என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் இவளுக்கு நிறையத் தெரிந்திருக்கிறது! சாம்பலுக்கு மட்டும் என்ன செய்ய வேண்டும் என்று சாம்பல்மழை சொன்னால் நன்றாக இருக்கும்.

சாம்பல்மழை (ககோஷிமா):

முதலில் அது அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. நொறுங்கிய பாறையும் கண்ணாடியும்தான். தண்ணீரில் கரையாது, கண்ணில் விழுந்தால் தேய்க்கக் கூடாது, கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட வேண்டும். விழும்போது வீட்டுக்குள் இருந்து கதவு ஜன்னலை மூடுங்கள், வெளியே போக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம். குழந்தை முகத்துக்குப் பொருந்துகிற அளவு முன்கூட்டியே வாங்கி வையுங்கள், பெரியவர்களுடையது ஓரத்தில் இடைவெளி விடும். கார் கண்ணாடியில் காய்ந்த சாம்பல் மேல் வைப்பரைப் போட்டால் கீறிவிடும். மழைநீர்த் தொட்டி இருந்தால் கூரையிலிருந்து வரும் குழாயைப் பிரித்துவிடுங்கள்.

கூரை விஷயத்தை மாடலோடு சேர்த்துச் செய்யலாம். அட்டையில் ஒரு வீடு, மேலே மெல்லிய மணல். காய்ந்திருக்கும்வரை தாங்கும், தண்ணீர் தெளித்தால் தொய்ந்து விழும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாடுபோ பொங்கிய அதே நேரத்தில் புயல் மழையும் வந்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் நனைந்த சாம்பலின் கனத்தில் கூரை இடிந்து இறந்தவர்கள். பல்லாயிரம் பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால்தான் எண்ணிக்கை நூறுகளில் நின்றது. அந்த வெளியேற்றத்துக்கு முன் அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் எரிமலை எப்படியெல்லாம் கொல்லும் என்று ஒரு காணொளி போட்டுக் காட்டினார்கள். முல்லைக்கரை சொன்னது குழந்தைகளுக்குச் சரி. பெரியவர்களுக்கு அப்படி ஒன்று தேவைப்படுகிறது.

அவசரத்துக்கு எடுத்துப்போகும் பையில் வைக்க: குடிநீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு. இது நியூசிலாந்து அரசே சொல்லும் கணக்கு. மருந்து, டார்ச், முகக்கவசம், ஆவணங்களின் நகல். பிள்ளைக்கு உங்கள் கைப்பேசி எண் மனப்பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு போனில் அம்மா பெயரைத் தொடத்தான் தெரியும், எண் தெரியாது. பள்ளியில் நீங்கள் வர முடியாவிட்டால் யார் அழைத்துப்போவார் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நடுநிலைவாதி:

கைப்பேசி எண் விஷயம் சரி. என் பேரனிடம் கேட்டேன், தெரியவில்லை. ஆனாலும் எட்டு வயதில் ஆர்மெரோ, ஒகாவா எல்லாம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

முல்லைக்கரை:

ஐயா, அது யாருமே பிள்ளைக்குச் சொல்லச் சொல்லவில்லை. அது நமக்கு.

புவிநோக்கி:

பெரிய அளவில் செய்ய முடியுமா என்று யோசிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் ரெய்னியர் மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் சேற்று வெள்ளத்துக்கென்றே பள்ளி ஒத்திகை உண்டு. 2024 மார்ச்சில் ஏறத்தாழ 45,000 பேர் ஒரே நாளில் செய்து பார்த்தார்கள். ஓர்டிங் ஊரில் பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருப்பதில்லை, நடந்தே மேட்டுக்குப் போகிறார்கள். சாலை நெரிசல் பற்றிய கவலைக்கு அவர்கள் கண்ட வழி அது.

தேன்சிட்டு (ஆக்லாந்து):

மாடலில் சோடா வினிகர் வேண்டாம் என்று முடிவு. அட்டை வீடும் மணலும் உறுதி. வகுப்பில் செய்து காட்ட இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள் வேதிப்பித்தன், கஞ்சி ஊதுவதைத் தவிர. அதை டீச்சர் அனுமதிக்க மாட்டார்.

வேதிப்பித்தன்:

மெழுகு எரிமலை செய்யுங்கள். வெப்பம் தாங்கும் ஆய்வகக் கண்ணாடிக் குவளையின் அடியில் சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி இறுக விடுங்கள். அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்கு மெல்லிய மணல், அதன் மேல் குளிர்ந்த தண்ணீர். அடியில் மெதுவாகச் சூடாக்கினால் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் மணலைப் பிளந்துகொண்டு மெழுகு கிளம்பும், தண்ணீரில் பட்டதும் இறுகும், கொஞ்சம் மணலுக்குள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் குளிர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் மேலே போய் எண்ணெய் மாதிரி மிதக்கும். ஆசிரியர் கையால் செய்யட்டும், முன்னால் நிற்கிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். வீட்டு டம்ளரில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள், சூடு பட்டதும் விரிசல் விடும்.